காற்றுக்குப் பட்டா

படிக்கட்டை யார் கட்டுவது? ஒரு வீட்டில் மாடிக்கு ஒருவர் சொந்தக்காரராக இருந்தால் வரும் முதல் சண்டை இதுதான். நெப்போலியன் காலத்தில், 1804-ல், பிரான்ஸ் எழுதிக்கொண்ட சிவில் சட்டத்தின் 664-ஆம் பிரிவு இதற்கு விடை வைத்திருந்தது. பெரிய சுவர்களையும் கூரையையும் எல்லோரும் சேர்ந்து, அவரவர் மாடியின் மதிப்புக்கு ஏற்றபடி செப்பனிட வேண்டும். அவரவர் நடக்கும் தரையை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் மாடிக்காரர் தன் வாசல் வரைக்கும் படி கட்டுவார். இரண்டாம் மாடிக்காரர் அங்கிருந்து தன் வாசல் வரைக்கும் கட்டுவார். மூன்றாமவர் அதற்கு மேலே.

கிரெனோபிள், ரென் போன்ற ஊர்களில் வீட்டை மாடி மாடியாக விற்று வாங்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. சட்டம் அந்த வழக்கத்தை எழுதி வைத்தது, அவ்வளவுதான். ஆனால் இன்றைய அடுக்குமாடிச் சட்டங்களின் கரு முழுவதும் அந்தச் சில வரிகளில் இருக்கிறது: எது எனக்கு மட்டும், எது நம் எல்லோருக்கும், பொதுவானதற்கு யார் எவ்வளவு தருவது. இந்தக் கரு அட்லாண்டிக் கடலைத் தாண்டி, கரீபியன் தீவுகளில் வளர்ந்து, அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் ‘காண்டோமினியம் சட்டம்’ என்று தனித்தனியே பிறந்தது. காண்டோ வாங்கிக் குடியிருப்பவர்களும், அதன் சங்கத்தில் நிர்வாகக் குழு உறுப்பினராக இருப்பவர்களும் இன்று கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளிலும் அந்தப் பிறப்பின் ரேகை இருக்கிறது. பிறக்கும்போதே இருந்த ஒரு குறையும் இருக்கிறது. அந்தக் குறைக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்ல நினைத்தேன்.

அமெரிக்கா சுவீகரித்துக்கொண்டது ஆங்கிலேயர் சட்டத்தை. நிலம் யாருடையதோ, அதற்கு மேலே வானம் வரைக்கும் கீழே பாதாளம் வரைக்கும் அவருடையது என்பது ஆங்கிலேய வக்கீல்களின் பழைய பாடம். மேல்மாடி அறை ஒன்றைத் தனியாக விற்க அந்தச் சட்டத்திலும் தடை இருக்கவில்லை. சிலர் விற்றும் இருக்கிறார்கள். சிக்கல் விற்ற பிறகு வந்தது. கூரை ஒழுகினால் கீழ்வீட்டுக்காரரைப் பணம் கேட்க முடியுமா? அவர் தன் வீட்டை விற்றுவிட்டுப் போனால், புதிதாக வந்தவர் ‘நான் ஒப்புக்கொள்ளவில்லையே’ என்று சொன்னால்? 1885-ல் இங்கிலாந்தில் ஒரு சாலைச் செப்பனிடும் வழக்கில் நீதிமன்றம் இந்தப் புதியவர் பக்கம்தான் நின்றது. பணம் செலவழித்து ஒன்றைச் செய்வேன் என்று முதலில் வாங்கியவர் கொடுத்த வாக்கு, அவரிடமிருந்து வாங்கியவரைக் கட்டாது என்றது. இங்கிலாந்தில் இன்றும் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகையாகவே கைமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்க நகரங்களில் வேறு வழி ஒன்று கண்டார்கள். நியூயார்க்கில் 1880-களிலேயே கூட்டுறவு அடுக்குமாடிகள் எழுந்தன. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். குடியிருப்பவர் அந்த நிறுவனத்தின் பங்குதாரர். பங்குக்கு ஈடாக அவருக்கு ஒரு வீட்டில் இருக்கும் உரிமை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டடம் முழுவதுக்கும் ஒரே அடமானம். பத்துப் பேர் தவணை கட்டாவிட்டால், ஒழுங்காகக் கட்டிய தொண்ணூறு பேரின் வீடும் சேர்ந்து ஏலத்துக்குப் போகும். 1930-களின் பெருமந்தத்தில் அப்படித்தான் நடந்தது. கூட்டுறவுக் கட்டடங்கள் பல கடனில் மூழ்கின. பக்கத்து வீட்டுக்காரனின் வேலை போனதால் தன் வீட்டை இழந்தவர்களின் கசப்பு ஒரு தலைமுறைக்கு மறையவில்லை. ‘என் வீட்டுக்கு என் கடன் மட்டும்’ என்ற ஏக்கம் அங்கே பிறந்தது.

அதே பத்தாண்டில் நியூயார்க்கில் இன்னொரு விதை விழுந்தது. குயின்ஸ் பகுதியின் கடற்கரையில் நெப்போன்சிட் என்று ஒரு மனைப்பிரிவு. சாலை, பூங்கா, கடற்கரை இவற்றைப் பராமரிக்க ஆண்டுக்கு மனைக்கு 4 டாலருக்கு மிகாமல் தர வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். பின்னாளில் அந்த மனைகளில் ஒன்று ஏலத்தில் ஒரு வங்கியிடம் வந்தது. தராமல் விட்ட பராமரிப்புப் பணத்துக்காக மனைக்காரர் சங்கம் வழக்குப் போட்டது. சங்கத்துக்கு அங்கே ஓர் அடி நிலம்கூடச் சொந்தமில்லையே, அது எப்படி வழக்குப் போடலாம் என்று வங்கி கேட்டது. 1938-ல் நியூயார்க் உயர்மட்ட நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பராமரிப்புக் கட்டணம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். நிலம் யார் கைக்குப் போனாலும் கடன் கூடவே போகும். சங்கம் அதை வசூலிக்கலாம். நாலு டாலர் வழக்கு அது. இன்று சங்கங்கள் பாக்கிக்காரர் வீட்டின் மீது வில்லங்கம் போடுகிற உரிமைக்கு இது ஒரு பழைய வேர். பாக்கி வைத்தால் வீட்டையே இழக்கலாம் என்பதைக் காண்டோ வாங்கும்போது எத்தனை பேருக்கு யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

ஆக, தேவையும் இருந்தது, கருவியும் பாதி இருந்தது. சேர்த்து முடிச்சுப்போட ஓர் இடம் வேண்டியிருந்தது. அது போர்ட்டோ ரிக்கோ.

1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்த தீவு. கொடி மாறியது, வீட்டுச் சட்டம் மாறவில்லை. சொத்து விஷயத்தில் அங்கே ஸ்பானிய சிவில் சட்ட மரபுதான். பணமோ அமெரிக்க டாலர், வங்கி விதிகள் அமெரிக்க விதிகள். சான் ஹுவானில் நிலம் குறைவு, மக்கள் நெருக்கம், மேலே போவதைத் தவிர வழியில்லை. பக்கத்தில் கியூபா 1952-லேயே அடுக்குமாடி உரிமைக்கென ஒரு சட்டம் போட்டிருந்தது. அதன் பிறகு ஹவானாவில் எழுந்த உயரமான குடியிருப்புகளில் ஃபோக்ஸா என்ற கட்டடம் 1956-ல் முடிந்தது. போர்ட்டோ ரிக்கோ 1951-ல் ஒரு சிறிய முயற்சி செய்து பார்த்துவிட்டு, 1958 ஜூன் மாதம் முழுமையான சட்டத்தை நிறைவேற்றியது. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் ‘கிடைமட்டச் சொத்துச் சட்டம்’.

அந்தப் பெயரை எண்ணிப் பார்க்கிறேன். வயலைப் பிரிக்க வேண்டுமென்றால் வரப்புப் போடுவோம். வரப்புக்கு இந்தப் பக்கம் அண்ணனுக்கு, அந்தப் பக்கம் தம்பிக்கு. வரப்பிலிருந்து நேராக மேலே ஒரு சுவர் எழுப்பினால் வானம் வரைக்கும் பங்கு பிரிந்துவிடும். இதுதான் உலகம் முழுவதும் நிலத்தைப் பிரித்த முறை. கிடைமட்டச் சொத்து என்பது அந்த வரப்பைத் தரையிலிருந்து தூக்கி, அந்தரத்தில் படுக்கவைத்துப் போடுவது. எட்டாம் மாடியின் தரைக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்துக்கு எல்லை குறித்து, அளந்து, எண் கொடுத்து, அதற்குத் தனிப் பத்திரம், தனி வரி, தனி அடமானம். காற்றுக்குப் பட்டா போட்டாயிற்று.

1960-ல் போர்ட்டோ ரிக்கோவின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் முன் இதை விளக்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது கடன். வீட்டுக் கடனுக்கு மத்திய அரசு தரும் காப்பு, 1934-லிருந்து எஃப்எச்ஏ என்ற அமைப்பின் வழியே தனிவீடுகளுக்குக் கிடைத்து வந்தது. அந்தக் காப்பு இருந்தால் வங்கி தைரியமாகக் கடன் தரும். 1961-ல் கென்னடி கையெழுத்திட்ட வீட்டுவசதிச் சட்டம், 234 என்ற புதிய பிரிவைச் சேர்த்து, காண்டோமினியம் வீடுகளுக்கும் அந்தக் காப்பை நீட்டியது.

ஒரு சிக்கல் இருந்தது. அமெரிக்காவில் சொத்துரிமை மாநிலங்களின் அதிகாரம். வாஷிங்டன் கடனுக்குக் காப்பு தரலாம். எட்டாம் மாடி ஒரு சொத்து என்று சொல்ல மாநிலத்தின் சட்டமன்றத்தால்தான் முடியும். ஆகவே எஃப்எச்ஏ 1962-ல் ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி மாநிலங்களுக்கு முன்வைத்தது. இந்தாருங்கள் வரைவு, நிறைவேற்றினால் கடன் வரும். நிறைவேற்றினார்கள். ஹவாய் 1961-லேயே போட்டுவிட்டது. ஃபுளோரிடா 1963-ல். யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் கூட்டுறவு வீடாகத் திட்டமிட்ட கிரேஸ்டோன் மேனர் என்ற கட்டடம் காண்டோமினியமாக மாறியது. அமெரிக்கப் பெருநிலத்தின் முதல் காண்டோ என்று அதைச் சொல்வார்கள். அந்தத் திட்டத்தின் வக்கீல் கீத் ராம்னியைக் ‘காண்டோமினியத்தின் தந்தை’ என்றும் சொல்வார்கள். 1960-கள் முடிவதற்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் சட்டம் வந்துவிட்டது. சொத்துச் சட்டம் இவ்வளவு வேகமாக மாறிய காலம் அந்த நாட்டில் அரிது.

வேகத்துக்குக் காரணம் பணம். பிறந்த நாளிலிருந்தே இந்தச் சட்டம் கடன் கொடுப்பவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் எழுதப்பட்டது. இந்த வீட்டுக்கு எல்லை எது, பத்திரம் சரியா, பாக்கிக்காரனிடம் எப்படி வசூலிப்பது, வீடு கைமாறினால் அடமானம் நிற்குமா? இவற்றுக்கெல்லாம் தெளிவான பிரிவுகள் உண்டு. நாற்பது வருடம் கழித்துத் தூணுக்குள் கம்பி துருப்பிடித்தால் யார் பார்ப்பது என்ற கேள்வியை அப்போது யாரும் அழுத்திக் கேட்கவில்லை. கட்டடங்கள் எல்லாம் புதியவை. நான் சொன்ன குறை இதுதான்.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில்டர் முதலில் ‘டிக்ளரேஷன்’ என்ற மூலப்பத்திரத்தைப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவோடுதான் காண்டோமினியம் பிறக்கிறது. ஒவ்வொரு வீட்டின் எல்லை, பொதுப் பகுதிகள், ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பொதுப் பகுதிகள் (உங்கள் பால்கனி பெரும்பாலும் இந்த வகை), ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுச் சொத்தில் எத்தனை சதவீதப் பிரிபடாத பங்கு, எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பங்கை வீட்டிலிருந்து பிரித்து விற்க முடியாது. எனக்குரியதைப் பிரித்துக் கொடுங்கள் என்று பாகப்பிரிவினையும் கேட்க முடியாது. பிறகு சங்கம், அதன் பைலா, கடைசியாகக் குழு போடும் அன்றாட விதிகள். இவற்றுக்குள் மூப்பு உண்டு. மாநிலச் சட்டம் எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்து மூலப்பத்திரம், பைலா அதற்குக் கீழே, குழுவின் விதி எல்லாவற்றுக்கும் அடியில். குழு எத்தனை முறை கூடி எத்தனை ஒருமனதாகத் தீர்மானித்தாலும், மூலப்பத்திரம் தந்த உரிமையை ஒரு சுற்றறிக்கையால் பறிக்க முடியாது. குடியிருப்போர் அறிந்திருக்க வேண்டிய முதல் பாடம் இது என்பேன். குழுவினர் மறக்கும் முதல் பாடமும் இதுவே.

சென்னையில் வீடு வாங்கிய எவருக்கும் பிரிபடாத பங்கு என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. யுடிஎஸ் எத்தனை சதுர அடி என்று கேட்காமல் நம் ஊரில் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. மகாராஷ்டிரம் 1970-ல் போட்ட அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் டிக்ளரேஷன், பொதுப் பகுதிகளும் வசதிகளும், வரையறுக்கப்பட்ட பொதுப் பகுதிகள் என்று வரும் சொற்களைப் பார்த்தால், அமெரிக்க மாதிரிச் சட்டத்தின் முகச்சாயல் அப்படியே தெரியும். தமிழ்நாடு 1994-ல் தன் சட்டத்தைப் போட்டது. 2022-ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் எழுதி, 2024-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரான்சின் படிக்கட்டு நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபுளோரிடாவுக்குத் திரும்புவோம். இந்தச் சட்டம் அடிபட்டு அடிபட்டு வளர்ந்த மாநிலம் அது. வெயில் தேடி வந்த ஓய்வுபெற்றவர்கள், கடற்கரை, கூட்டம் கூட்டமாகக் கட்டடங்கள். முதல் காயம் நீச்சல்குளத்தில் பட்டது. சில பில்டர்கள் வீடுகளை விற்றார்கள். குளத்தையும் கிளப் வீட்டையும் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு, சங்கம் இன்னும் தங்கள் கையில் இருக்கும்போதே, அந்தக் குளத்தைச் சங்கத்துக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்கு விட்டவரும் எடுத்தவரும் ஒரே ஆள். விலைவாசி ஏறினால் குத்தகையும் தானாக ஏறும் என்று ஒரு வரி வேறு. ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள் தாங்கள் நீந்தாத குளத்துக்கு வருடா வருடம் ஏறும் வாடகை கட்டினார்கள். 1975-ல் சட்டமன்றம் அந்த ஏறும் வாடகை வரியைத் தடைசெய்தது. ஆனால் மறு ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே எழுதிய குத்தகைகளுக்கு அந்தத் தடை பின்னோக்கிப் பாயாது என்றுவிட்டது. கையெழுத்து வாங்கியவர்கள் பிழைத்தார்கள், போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த 1976-லேயே ஃபுளோரிடா தன் சட்டத்தைப் புதிதாக எழுதியது. 718-ஆம் அத்தியாயம் என்று இன்றும் குறிப்பிடுவது அதைத்தான். பில்டரின் கையிலிருந்து சங்கத்தை எப்போது வாங்குவது என்பதற்கு அதில் கணக்கு இருக்கிறது. வீடுகளில் 15 சதவீதம் விற்றதும் குழுவில் மூன்றில் ஒரு பங்கையாவது வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுக்கலாம். 90 சதவீதம் விற்று மூன்று மாதமானால் பெரும்பான்மை அவர்களுக்கு. வர்ஜீனியா 1974-லேயே இதுபோன்ற இரண்டாம் தலைமுறைச் சட்டத்தைப் போட்டிருந்தது. மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டங்கள் எழுதித்தரும் ஆணையம் 1977-ல் சீரான காண்டோமினியம் சட்டம் ஒன்றை வெளியிட்டு 1980-ல் திருத்தியது. பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. ஃபுளோரிடா, கலிஃபோர்னியா, நியூயார்க் போன்றவை தத்தம் வழியிலேயே போயின. அதனால்தான் ஒரு மாநிலத்துக் காண்டோக்காரர் சொல்லும் அறிவுரை அடுத்த மாநிலத்தில் செல்லாமல் போகிறது.

சட்டம் சொல்லாத இடங்களை நீதிமன்றங்கள் நிரப்பின. ஃபுளோரிடாவில் ஹிடன் ஹார்பர் என்ற குடியிருப்பு. கிளப் வீட்டில் மது அருந்தக் கூடாது என்று சங்கம் விதி போட்டது. ஒரு குடும்பம் எதிர்த்தது. 1975-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. இத்தனை பேர் இவ்வளவு நெருக்கமாக, வசதிகளைப் பகிர்ந்து வாழும்போது, தனிவீட்டில் கிடைக்கும் சுதந்திரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். விதி நியாயமானதா என்பது ஒன்றே கேள்வி என்றது. ஆறு வருடம் கழித்து அதே குடியிருப்பு, அதே நீதிமன்றம். இம்முறை ஒருவர் தன் இடத்தில் கிணறு தோண்டிவிட்டார். குழு அனுமதி மறுத்திருந்தது. கிணற்றால் யாருக்கும் கேடு வந்ததாகக் குழுவால் காட்ட முடியவில்லை, தோற்றது. மூலப்பத்திரத்திலேயே உள்ள தடை என்றால், வாங்கும்போது அறிந்தே வாங்கினீர்கள், அதற்குப் பலம் அதிகம். குழு தன் யோசனையில் எடுக்கும் முடிவென்றால், அது நியாயமானது என்று குழுதான் காட்ட வேண்டும். இந்த இரண்டு தராசுகளும் இன்றைக்கும் அங்கே தொங்குகின்றன.

கலிஃபோர்னியாவில் ஒரு பெண் மூன்று பூனைகளோடு காண்டோவுக்குக் குடிவந்தார். 530 வீடுகள் கொண்ட குடியிருப்பு. மூலப்பத்திரம் பூனை, நாய் கூடாது என்றிருந்தது. வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் இருக்கும் பூனைகளால் யாருக்கு என்ன துன்பம் என்று கேட்டார். 1994-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தடை முழுக் குடியிருப்புக்கும் நியாயமானதா என்று பார்க்க வேண்டும், ஒருவரின் பூனையை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு அந்தப் பெண் மீதுதான் இரக்கம். சில ஆண்டுகளில் சட்டமன்றமே இறங்கிவந்து, இனி எழுதப்படும் விதிகள் குறைந்தது ஒரு வளர்ப்புப் பிராணியையாவது அனுமதிக்க வேண்டும் என்றது.

இப்படிப் பூனைக்கும் குளத்துக்கும் மதுவுக்கும் விடை கண்டுகொண்டே வந்த சட்டம், தூணுக்கு விடை காணாமலே அரை நூற்றாண்டைக் கடத்தியது.

கட்டடம் தேயும். கூரை மாற்ற வேண்டும், வண்ணம் பூச வேண்டும், நீர்க்கசிவு அடைக்க வேண்டும். இதற்காக மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கும் சேமிப்பை நம் சங்கங்களில் கார்ப்பஸ் என்போம். ஃபுளோரிடாச் சட்டம் அந்தச் சேமிப்பைக் கேட்கத்தான் செய்தது. எதற்கென்று பெயர் சொல்லிக் கேட்டது? கூரை, வண்ணப்பூச்சு, வாகனப் பாதை. மற்றவற்றில் பெருஞ்செலவு வருவதை மட்டும் பொதுவாகச் சொன்னது. அதோடு ஒரு வாசலையும் திறந்து வைத்தது: பெரும்பான்மை வாக்களித்தால் அந்த ஆண்டு சேமிப்பைக் குறைக்கலாம், முழுவதும் விட்டுவிடலாம். வருடம்தோறும் பொதுக்குழுவில் கை தூக்குவார்கள். மாதக் கட்டணம் ஏறாது. நல்ல குழு என்று பெயர் கிடைக்கும். 2008-ல் ஃபுளோரிடா ஒரு நல்ல காரியம் செய்தது. மூன்று மாடிக்கு மேற்பட்ட காண்டோக்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பொறியாளரோ கட்டடக் கலைஞரோ பார்த்து அறிக்கை தர வேண்டும் என்றது. செலவாகிறது என்று முறையீடு எழுந்தது. 2010-ல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். இரண்டே வருடம் வாழ்ந்த விதி. அது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

மயாமி-டேட் வட்டாரத்தில் நாற்பதாண்டு ஆய்வு என்று ஒன்று இருந்தது. அதுவும் உயிர் கொடுத்து வாங்கியதுதான். 1974-ல் மயாமியில் ஓர் அலுவலகக் கட்டடம் இடிந்து 7 பேர் இறந்த பிறகு வந்தது. அந்த வட்டாரத்தின் சர்ஃப்சைட் ஊரில், கடலைப் பார்த்தபடி, 1981-ல் கட்டிய 12 மாடிக் காண்டோ சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத். 136 வீடுகள். நாற்பதாண்டு ஆய்வு 2021-ல் வரவிருந்ததால் 2018-லேயே சங்கம் ஒரு பொறியாளரை அழைத்தது. நீச்சல்குளத் தளத்தின் அடியில் நீர்த்தடுப்பு பழுதாகிவிட்டது, தளம் சரிவில்லாமல் சமமாகக் கட்டப்பட்டதால் தண்ணீர் வடியாமல் தேங்குகிறது, அடியில் உள்ள கான்கிரீட் பெருஞ்சேதம் அடைந்திருக்கிறது என்று அவர் எழுதினார். செலவு 90 லட்சம் டாலருக்கு மேல். குழுவில் சண்டை. சிலர் விலகினார்கள். மூன்று வருடம் போயிற்று. தொகை ஒன்றரைக் கோடி டாலர் ஆயிற்று. 2021 ஏப்ரலில் சிறப்பு வசூலுக்கு முடிவானது. ஒரு படுக்கையறை வீட்டுக்கே 80,000 டாலர். கட்டத் தொடங்க வேண்டிய நாள் ஜூலை 1.

ஜூன் 24, விடியலுக்கு முன், ஒன்றரை மணிக்குச் சற்று முன்னால் கட்டடத்தின் ஏறக்குறைய பாதி சில நொடிகளில் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள்.

எழுதிக்கொண்டே வந்த கை இங்கே நிற்கிறது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தக் குழுவில் இருந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. அண்டை வீட்டாருக்காக மாலை நேரத்தைக் கொடுத்த சாதாரண மனிதர்கள், அவர்களும் அதே தூண்கள் மேல்தான் படுத்தார்கள். குற்றத்தை ஒருவர் தலையில் கட்டுவது எளிது. எனக்கோ சட்டத்தின் மீதுதான் கோபம் வருகிறது. உயிர் காக்கும் செலவைக் கைதூக்கிக் கைவிடலாம் என்று எழுதி வைத்தது சட்டம். கைதூக்கியவர்கள் அது தந்த அனுமதியைத்தான் பயன்படுத்தினார்கள்.

காற்றுக்குப் போட்ட பட்டா அன்று என்ன ஆனது? எட்டாம் மாடியின் எல்லைகளைக் குறித்த தரையும் கூரையும் இல்லாமல் போயின. மிஞ்சியது நிலத்தில் உள்ள பிரிபடாத பங்கு. நீதிமன்ற மேற்பார்வையில் அந்த நிலம் 12 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2022-ல் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீடு மொத்தம் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஒன்றரைக் கோடிக்காக மூன்று வருடம் நடந்த வாதத்தின் முடிவு இது.

2022 மே மாதம் ஃபுளோரிடா புதிய சட்டம் போட்டது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்கள் 30 வயதுக்குள் கட்டமைப்பு ஆய்வு செய்ய வேண்டும், பிறகு பத்து வருடத்துக்கு ஒருமுறை. கூரை, சுமை தாங்கும் பகுதிகள், நீர்த்தடுப்பு, தீத்தடுப்பு, குழாய், மின்சாரம், வெளிச் சாளரங்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கணக்கெடுக்கச் சொன்னது. 2024 முடிந்த பின் நிறைவேற்றும் வரவுசெலவுத் திட்டங்களில் இந்தச் சேமிப்பை வாக்களித்து விட்டுவிட முடியாது. 2024-ல் இன்னொரு திருத்தம்: குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் நான்கு மணி நேரம் பாடம் கேட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு மணி நேரம். பதவிக்கு வருபவர் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று சட்டமே சொல்ல இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. பல வருடம் சேர்க்காததைச் சில வருடத்தில் சேர்க்கச் சொன்னால் மாதக் கட்டணம் எங்கே போய் நிற்கும்? ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் கட்ட முடியாமல் வீட்டை விற்கிறார்கள். பழைய கட்டடங்களை வாங்க ஆள் குறைந்துவிட்டது. முறையீடு மறுபடி எழுந்தது. 2025-ல் சட்டமன்றம் கொஞ்சம் தளர்த்தியது: சேமிப்பைக் கடன் வாங்கியும் நிரப்பலாம், ஆய்வை முடித்த சங்கம் பழுதுபார்க்கும் செலவுக்காகச் சேமிப்பை இரண்டு வருடம் வரை நிறுத்தி வைக்கலாம். முதியவர்களின் தவிப்பு உண்மையானது. அதற்குக் கடன் வழி வேண்டும், அரசு கை கொடுக்க வேண்டும். ஆனால் 2010-ல் போனதுபோல் ஆய்வு விதி மறுபடி போய்விடக் கூடாது. இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

நீங்கள் ஃபுளோரிடாவில் இருக்கலாம், நியூஜெர்சியில் இருக்கலாம், வேளச்சேரியில் இருக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் கட்டணம் ஏறுகிறதா என்று கேட்பதற்கு முன்னால் எழுந்து நின்று இதைக் கேளுங்கள்: நம் தூண்களைக் கடைசியாகப் பார்த்த பொறியாளர் யார், எந்த ஆண்டு பார்த்தார், அவர் எழுதிய அறிக்கை எங்கே இருக்கிறது? குழுவில் இருப்பவர் நீங்களே என்றால், யாரும் கேட்பதற்கு முன்பே அந்த அறிக்கையை எல்லா வீட்டுக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.